மடிப்புப் படி

அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தபின், எந்தக் காரிலும் நான் முதலில் பார்ப்பது ஏறும் உயரத்தைத்தான். அதனாலேயே 1963 மாடலாக வந்த அமெரிக்க ஸ்டூடிபேக்கர் வேகனேர் எனக்குப் பிடிக்கும். பின்பக்கக் கூரை முன்னோக்கி நகரும்; குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியே ஏற்றலாம். மழைக்கு ஒழுகியது வேறு கதை! நான் ரசிப்பது, பின்கதவைக் கீழே சாய்த்ததும் விரித்துக்கொள்ளும் மடிப்புப் படியை.

படி இல்லாத பழைய வேகன்களில் சாய்த்த கதவையே மிதித்து ஏற வேண்டும். அதைத் தாங்குபவை அடியில் கீல்களும் இருபக்கத் தாங்கிகளும் மட்டுமே. கீலுக்கருகே நிற்பதைவிட, கதவின் விளிம்பில் நின்றால் அதே எடை அவற்றைப் பல மடங்கு இழுக்கும். துருப்பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். அங்கே அம்மாவை நிறுத்த எனக்கு மனம் வராது. பழைய வேகன் வாங்குவோர், எஞ்சினைப் பார்க்குமுன் அந்தத் தாங்கிகளை ஆட்டிப் பாருங்கள்.