புயலும் அப்பாவின் ரத்தக் குழாயும்

கஜா புயலுக்குக் கொஞ்ச நாள் முன்புதான், சிறுநீரகக் கல்லாக இருக்குமோ என்று புதுக்கோட்டையில் அப்பாவுக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தோம். கல் இல்லை. மகாதமனி வீங்கியிருந்தது. இதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் அந்தப் பெரிய ரத்தக் குழாய் சாதாரணமாக 2 செ.மீ. அகலம் இருக்கும்; அப்பாவுக்கு 6. ஆண்களுக்கு ஐந்தரையைத் தொட்டாலே சரிசெய்யப் பார்க்க வேண்டும், வெடித்துவிட்டால் பாதிப் பேருக்கு மேல் பிழைப்பதில்லை என்றார் டாக்டர். அப்பாவுக்கு வலியே கிடையாது. மல்லாந்து படுத்தால் தொப்புளுக்கு மேலே வேட்டி துடிப்பது தெரியும், அவ்வளவுதான். சின்ன வயசிலிருந்து பீடி, ரத்தக்கொதிப்பும் உண்டு. சென்னைப் பெரியாஸ்பத்திரி ரத்தநாள அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

கிளம்புவதற்குள் 2018 நவம்பர் 16 விடிந்தது. கீரமங்கலத்தில் எங்கள் தோப்பே படுத்துக் கிடந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை, ஆலங்குடி ரோடெல்லாம் மரம். அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு தோப்புக்குக் கிளம்பினார். கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "பிள்ளையாட்டம் வளத்ததுடா தம்பி" என்றவர், பிறகு பேசவே இல்லை. ஊரே தென்னைக்காக அழுதது. நான் அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ராத்திரிகளில் வீக்கம் வெடித்து அவருக்குத் திடீரென்று முதுகு வலித்திருந்தால் 108-ஐக் கூப்பிடக்கூட வழியில்லை. இளவட்டங்கள் மரம் அறுத்து வழிவிட்ட பிறகு, கிடைத்த வண்டியில் திருச்சி போய் ரயிலேறினோம்.

வயிற்றைக் கிழிக்காமல், தொடையிடுக்கு வழியாகச் சுருட்டிய ஸ்டென்ட் குழாயை அனுப்பி உள்ளே விரிக்கும் முறை இருக்கிறது. 1990-இல் அர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி வயிற்று வீக்கத்துக்கு அதைச் செய்துகாட்டினார். சில நாளில் வீடு திரும்பலாம். அதுதான் வேண்டும் என்று நான் மன்றாடினேன். டாக்டர் சி.டி. படத்தை வெளிச்சத்தில் வைத்தார். சிறுநீரகக் கிளைகளுக்குக் கீழே, வீக்கம் தொடங்குமுன், ஸ்டென்ட் பிடித்து நிற்கக் கொஞ்சம் நல்ல சுவர் வேண்டும். அப்பாவுக்கு அது இல்லை. பிடிமானமில்லாமல் வைத்தால் ஓரத்தில் ரத்தம் கசிந்து வீக்கம் மறுபடி வளரும் என்றார். இதயமும் நுரையீரலும் தாங்கும் என்று சோதனையில் தெரிந்ததால் வயிற்றைத் திறப்பதென்று முடிவாயிற்று.

வைக்கப்போகும் டாக்ரான் குழாயின் மாதிரியைக் காட்டினார்கள். வெள்ளைத் துணி, மடிப்பு மடிப்பாக, கீழே இரண்டு காலாகப் பிரிந்தது. அப்பா அதை இழுத்து இழுத்துப் பார்த்தார். "துணிதானே சார், கெட்டியாத் தச்சுவிடுங்க" என்றார். மேலே கவ்வி போட்டு ரத்தத்தை நிறுத்தி, வீக்கத்தைத் திறந்து, குழாயை உள்ளே வைத்து நூலால் தைக்கிறார்கள். பழைய சுவரை வெட்டி எறிவதில்லை. புதுக் குழாய் மேல் போர்த்தித் தைத்துவிடுகிறார்கள். ஐ.சி.யூ.வில் ஒரு நர்ஸ் அப்பாவின் பாதத்தில் நாடி கிடைத்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தார். அடிக்கடி வந்து அங்கே விரல் வைத்துப் பார்ப்பார். அப்புறம் மூத்திரப் பையின் அளவு. கால்களுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போகிறதா என்பதற்கு அந்த இரண்டும்தான் சாட்சி.

தேறப் பல மாதம் ஆனது. புதுத் தென்னம்பிள்ளைகளுக்கு அப்பாவே தண்ணீர் விட்டார்.

உங்கள் வீட்டில் அறுபத்தைந்து தாண்டிய, பீடியோ சிகரெட்டோ பிடித்த ஆண்கள் இருந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மகாதமனியைப் பார்க்க ஒரு வயிற்று ஸ்கேன் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த வீக்கம் இருந்தால், கட்டாயம் கேளுங்கள்.