கீமேனோடு ஒரு நடை

அப்பா அமெரிக்கா வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மிசௌரி மாநிலத்தில், கொலம்பியாவில் இருக்கும் எங்கள் வீட்டைச் சுற்றி நடைபாதைகளுக்குக் குறைவில்லை. அவருக்கு அவை பிடிக்கவில்லை. "வீட்டச் சுத்திச் சுத்தி வர்றதுக்குப் பேரு நடையாய்யா? நடந்தா ஒரு எடத்துக்குப் போய்ச் சேரணும்" என்பார். 2017 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவரைக் கேட்டி டிரெயிலுக்கு அழைத்துப் போனேன்.

மிசௌரி–கேன்சஸ்–டெக்சஸ் ரயில்வேயைச் சுருக்கமாக எம்.கே.டி. என்பார்கள். அதில் கடைசி இரண்டு எழுத்துகளே மருவிக் 'கேட்டி' ஆகிவிட்டது. 1986-இல் வெள்ளம் பாதையை அரித்துப்போட, அத்தோடு அந்தத் தடத்தில் ரயில் நின்றது. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, சுண்ணாம்புக்கல் துகள் பரப்பி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமாகத் திறந்துவிட்டார்கள். மொத்தம் 240 மைல் நீளம். பெரும்பகுதி மிசௌரி ஆற்றின் கரையோடே போகிறது. நாங்கள் மெக்பெய்னில் தொடங்கி ரோச்போர்ட் வரை சுமார் ஒன்பது மைல் நடப்பதாகத் திட்டம். அங்கே என் மனைவி காரோடு வந்துவிடுவாள்.

அப்பா தென்னக ரயில்வேயில் கீமேனாக இருந்தவர். மதுரை–போடி மீட்டர்கேஜ் தடத்தில், உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவே அவருடைய பீட். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு. தோளில் சுத்தியல், ஸ்பேனர், பையில் சிவப்பும் பச்சையுமாகக் கொடிகள். தளர்ந்த சாவியைத் தட்டி இறுக்குவார், ஜல்லி சரிந்திருக்கிறதா, தண்டவாளத்தில் விரிசல் உண்டா என்று பார்த்துக்கொண்டே போவார். பள்ளிக்கூட விண்ணப்பங்களில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'ரயில்வே ஊழியர்' என்று எழுதுவேன். அதற்கு மேல் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று இருக்கும்.

மெக்பெய்னில் இறங்கியதும் அவர் கண்ணில் முதலில் பட்டது மைல் பலகை. "170-ன்னு போட்டிருக்கே, எங்கருந்து?"

"செயின்ட் லூயிஸ்லருந்துப்பா. ரயில் ஓடினப்ப இருந்த அதே எண்ணிக்கைய அப்படியே வச்சிருக்காங்க."

"அப்ப இது ரயில்காரன் கணக்கு" என்றார். அவர் முகத்தில் நான்கு மாதமாகக் காணாத ஒரு தெளிவு வந்தது.

இடது கையில் ஆறு, கலங்கலாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வலது கையில் சுண்ணாம்புக்கல் பாறை செங்குத்தாக எழுந்து நின்றது. மரங்களில் பாதி மஞ்சள். பாதையில் ஏற்றம் இறக்கமே தெரியவில்லை. ரயில் என்ஜின் இழுக்க வேண்டும் என்பதற்காக மலையைச் சுற்றி, சரிவைக் குறைத்துப் போட்ட தடம். 68 வயதுக்காரர் மூச்சு வாங்காமல் நடக்க முடிவதற்கும் அதுவே காரணம்.

பின்னால் மணி அடித்தபடி சைக்கிள்கள் வரும். இங்கே அவர்கள் "ஆன் யுவர் லெஃப்ட்" என்று குரல் கொடுப்பார்கள். நடப்பவர் லேசாக வலப்பக்கம் ஒதுங்கினால் போதும். அப்பா அப்படிச் செய்யவில்லை. பாதையை விட்டே இறங்கி, புல்லில் நின்று, திரும்பி வருகிறவர்களைப் பார்த்தார். முதல் சைக்கிளிலிருந்து கடைசிச் சைக்கிள் வரை கண் எடுக்கவில்லை. கடைசி ஆள் கடக்கும்போது வலது கையை உயர்த்தினார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையாட்டிவிட்டுப் போனாள்.

"எதுக்குப்பா இப்படி நிக்கிறீங்க?"

"வண்டி போகும்போது பாக்கணும்ல. எங்கயாச்சும் புகையுதா, ஏதாச்சும் தொங்குதான்னு. கடைசியில கார்டுக்குக் கை காட்டணும்."

நாலாவது மைல் வாக்கில் ஒரு கல்வெர்ட்டின் வாய் சருகால் அடைபட்டிருந்தது. குச்சி எடுத்துக் குத்திவிட ஆரம்பித்தார். அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை. தண்ணீர் பிசுபிசுவென்று நகர்ந்த பிறகுதான் நிமிர்ந்தார். பிறகு கேட்டார்: "தண்டவாளத்த எடுத்தப்புறம் இந்த நெலத்த ஏன் பிரிச்சு விக்கல?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1983-இல் வந்த சட்டத் திருத்தம் ஒன்று, ரயில் நின்றுபோன தடத்தை நடைபாதையாக வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. பின்னாளில் தேவைப்பட்டால் அதில் மறுபடி ரயில் விடலாம். பக்கத்து நிலக்காரர்கள் நிலம் தங்களுக்கே திரும்ப வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். எட்வர்ட் ஜோன்ஸ் என்ற பணக்காரரும் அவர் மனைவி பாட்டும் பாதைக்காக 22 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1990-இல் ரோச்போர்ட்டில் முதல் துண்டு திறந்தது. 1993 வெள்ளம் பாதையில் பெரும்பகுதியைச் சிதைத்தது. மறுபடி போட்டார்கள்.

அப்பா நின்றுவிட்டார். "அப்ப இது இன்னும் ரயில்பாததான்?"

"சட்டப்படி அப்படித்தான்."

அவர் ஏன் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். போடி தடம் 1928-இல் வந்தது. உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், அப்புறம் மறுபடி போட்டார்கள். அப்பா 2009-இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு முடிவோடு அகலப்பாதைக்காக ரயிலை நிறுத்தினார்கள். ஏழு வருடமாக அவர் பீட்டில் கருவேலம் முளைத்துக் கிடந்தது.

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம். பிறகு, ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ ஏழாவது படிக்கையில பள்ளிக்கூடத்துல மதுரைக்கு ரயில்ல கூட்டிட்டுப் போனாங்கள்ல."

எனக்குக் கால் தளர்ந்தது. அன்று கணவாய்க்குப் பக்கத்தில் காக்கிச் சட்டையில் பச்சைக் கொடியோடு அவர் நின்றார். நான் ஜன்னலில் இருந்தேன். பக்கத்தில் இருந்த பையன் "யார்றா அது, ஒன்னையே பாக்குறாரு" என்றான். தெரியாது என்றேன். முப்பது வருடம் இதை யாரிடமும் சொன்னதில்லை.

"ஜன்னல்ல ஒன்னப் பாத்தேன்யா. கையாட்டத்தான் நெனச்சேன். ஒரு கையில கொடி, ஒரு கையில சுத்தியல். நீ கோவிச்சுக்கிட்டயோன்னு அப்புறம் வெசனமா இருந்துச்சு."

"இல்லப்பா" என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

ரோச்போர்ட்டைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஒரு குகைப்பாதை உண்டு. 1893-இல் குடைந்தது, 243 அடி நீளம். அதையும் பார்த்துவிட்டே திரும்புவோம் என்றார். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. பாறையை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். அந்தப் பக்கமிருந்து சைக்கிள்கள் வரும் சத்தம் கேட்டது. அப்பா சுவரோரம் ஒதுங்கினார். நானும் அவருக்குப் பக்கத்தில் ஒதுங்கித் திரும்பி நின்றேன். கடைசிச் சைக்கிள் கடந்தபோது இரண்டு பேரும் கை உயர்த்தினோம்.

2022 மே மாதம் மதுரையிலிருந்து தேனிக்கு ரயில் மறுபடி ஓடியது. அன்று ராத்திரி அப்பா கூப்பிட்டார். "வந்துருச்சுய்யா. அகல வண்டி. கேட்டுக்குப் பக்கத்துல நின்னு கை காட்டினேன், கார்டும் காட்டினாரு." கொஞ்சம் நிறுத்தி, "அங்க?" என்றார்.

"இங்க இன்னும் வரலப்பா. நடந்துட்டுதான் இருக்காங்க."

"சரி. அந்தக் கல்வெர்ட்ட மட்டும் போறப்ப பாத்துக்க."