களவு போன ஸ்கூட்டியும் கட்டிய தவணையும்

எங்கள் நெடுந்தீவில் மோட்டார் சைக்கிளின் திறப்பை அதிலேயே விட்டுவிட்டுக் கடைக்குள் போகிறவர்கள் உண்டு. எடுத்தவன் எங்கே கொண்டு போவான்? குறிகாட்டுவானுக்குப் படகில் ஏற்ற வேண்டும். துறையில் நிற்பவர்களுக்கு அது யாருடைய வண்டி என்று தெரியும். கொழும்பு அப்படியல்ல.

தம்பி போரில் போன பிறகு அவனுடைய மகளை நான்தான் வளர்த்தேன். இப்போது வெள்ளவத்தையில் அறை எடுத்து வேலைக்குப் போகிறாள். 2023இல் லீசிங்கில் ஸ்கூட்டி ஒன்று எடுத்தாள். பிணைக் கையெழுத்து என்னுடையது. நான்காம் மாதம் ஒருநாள் விடியக்காலை அழைத்தாள்.

"மாமி, ஸ்கூட்டியைக் காணேல்லை. ஹான்டில் லொக் போட்டுத்தான் விட்டனான்."

அந்த லொக்கைப் பலமாகத் திருப்பியே உடைத்து விடுவார்களாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிக்கும் உதிரிப்பாகத்துக்கும் விலை ஏறியது. கள்ளருக்கு அது நல்ல காலம்.

பொலிஸில் எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் கேட்டார்கள். இலக்கத் தகட்டைச் சில நிமிடத்தில் மாற்றிவிடலாம். சேசிஸ் இலக்கமோ இரும்பில் பொறித்தது. பதிவுப் புத்தகத்தின் படம் அவளது கைத்தொலைபேசியில் இருந்தபடியால் முறைப்பாடு அன்றே பதிவானது. அதன் பிரதி இல்லாமல் காப்புறுதிக் காசு கேட்கவே முடியாது.

சகோதரிகளே, மூன்றாம் தரப்புக் காப்புறுதி களவுக்கு ஒரு சதமும் தராது. மகளுக்கு முழுக் காப்புறுதி இருந்தது. ஆனாலும் காசு வர ஐந்து மாதம். "வண்டி இல்லையெண்டாலும் தவணை கட்டத்தான் வேணும் அம்மா" என்றார் லீசிங் பிள்ளை. அவரைக் கோபித்து என்ன பயன்? இரண்டு ஆடுகளை விற்றுக் கட்டினேன்.

வந்த காசில் லீசிங் கடன்தான் முடிந்தது. அடுத்ததாகப் பழைய வண்டி தேடினோம். ஒருவர் மிக மலிவாகச் சொன்னார். புத்தகத்தில் வேறு யாரோவின் பெயர், 'ஓபன் பேப்பர்' என்றார். எங்களைப் போன்ற கையில் காசு குறைந்த பெண்களிடம்தான் இப்படி வண்டிகள் வந்து சேர்கின்றன. களவு வண்டி என்று தெரிந்தால் பொலிஸ் கொண்டு போய்விடும். கொடுத்த காசும் போகும், வழக்கும் வரும். மகள் குனிந்து சேசிஸ் இலக்கத்தைப் பார்க்கப் போனாள். அவருக்கு உடனே வேறு அவசர வேலை வந்துவிட்டது!

பிறகு, புத்தகத்தில் பெயர் உள்ள ஒரு ஆசிரியையிடமே வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரும் மாற்றினாள். இரவில் சில்லைச் சங்கிலியால் கேற்றோடு பூட்டுகிறாள். வண்டியை விடச் சங்கிலிதான் பாரம் என்று அவளுக்கு ஒரே முறைப்பாடு.