பொங்கல்படியும் விடுதலைப் பத்திரமும்

தை பிறப்பதற்குச் சில தினங்கள் இருக்கையிலேயே கரும்புக் கட்டுகளும் மஞ்சள் குலைகளும் பனங்கிழங்கும் சிறுகிழங்கும் சங்கரன்கோவில் ரத வீதிகளின் ஓரத்தில் வந்து இறங்கிவிடுகின்றன. அவற்றை வாங்கி, பச்சரிசி, வெல்லம், தேங்காய், பழம், ஒரு சேலை, ஒரு வேட்டி, சௌகரியமுள்ளவர்களானால் ஒரு பித்தளைப் பானை ஆகியவற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கல்யாணமாகிப் போன சகோதரிகளின் வீடுகளுக்குப் பொங்கல்படி கொண்டுபோகிறவர்களை ராஜபாளையம், புளியங்குடி, திருவேங்கடம், கழுகுமலை என்று நாலா திசைகளுக்கும் புறப்படுகிற பஸ்களில் காணலாம். இந்தக் காட்சியில் எனக்கு எப்போதும் ஒரு பிரியம் உண்டு. பண்டிகைக் காலத்தில் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வெகுமதிகளைக் குறைத்துக்கொள்ள வேண்டுமென்று நான் சொல்வது, கொடுப்பதில் உள்ள மகிழ்ச்சியை அறியாமல் சொல்வதன்று.

நான் குறைக்கச் சொல்வது தீபாவளியில் வளர்ந்துவிட்ட பரஸ்பர மரியாதையை. எங்கள் தாய் தகப்பனார் காலத்தில் தீபாவளித் துணி என்பது வீட்டுக் குழந்தைகளுக்கும், தலைதீபாவளிக்கு வருகிற மகளுக்கும் மாப்பிள்ளைக்கும், வீட்டு வேலையில் ஒத்தாசையாக இருந்தவர்களுக்கும் உரியதாக இருந்தது. இப்போதோ, அண்ணன் தம்பிமாரும் அக்காள் தங்கைமாரும் அவரவர் சம்பாத்தியத்தில் நிலைபெற்று, பேரன் பேத்தி எடுத்த பிறகும், அண்ணன் தம்பியின் குடும்பத்துக்கு எடுப்பதும், தம்பி அந்த விலைக்குக் குறையாமல் அண்ணன் குடும்பத்துக்கு எடுப்பதும், மதினிமார் ஒருவருக்கொருவர் எடுப்பதும் சகஜமாகிவிட்டது. பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கிற சேலைகள் எந்த வீட்டிலும் உண்டு. அவற்றை உடுத்துகிற ஆசையும் யாருக்கும் இல்லை, எடுக்காமல் இருக்கிற தைரியமும் யாருக்கும் இல்லை.

கொடுத்ததும் வாங்கியதும் சரிக்குச் சரியாகிவிடுவதால் இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றலாம். ஆனால் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே ஸ்திதி அமைவதில்லை. ஒருவருக்கு அரசாங்கத்தின் ஓய்வூதியம் மாதந்தோறும் வருகிறது. மற்றொருவர் விசைத்தறிக் கூலியை நம்பி இருக்கிறார். நூல் விலை ஏறினால் தறி நின்றுபோகும், தறி நின்றால் கூலியும் நின்றுபோகும். ஐப்பசியில் நகையை அடகு வைத்து மரியாதை செய்துவிட்டுப் பங்குனி வரையில் வட்டி கட்டுகிற குடும்பங்களை நான் அறிவேன். எங்கள் பந்துக்களில் ஒருவர், ஆண்டுதோறும் ஒவ்வொரு காரணம் சொல்லிப் பண்டிகைக்கு வராமலே இருந்தார். பதில் செய்ய வழியில்லாமையால்தான் அவர் ஒதுங்கினார் என்பது வெகு நாள் கழித்தே எங்களுக்குத் தெரிந்தது. உறவைக் காப்பதற்கென்று ஏற்பட்ட சம்பிரதாயம் ஒரு மனிதரை உறவை விட்டே விலகி நிற்கச் செய்யுமானால், அதை வைத்துக்கொண்டிருப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925-ல் வெகுமதியைப் பற்றி எழுதிய பெயர்பெற்ற ஆராய்ச்சியில், கொடுத்தாக வேண்டும், கொடுத்ததை ஏற்றாக வேண்டும், ஏற்றதற்குத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்ற மூன்று நிர்ப்பந்தங்கள் எத்தனையோ தேசத்து மக்களைப் பிணித்திருப்பதை எடுத்துக் காட்டினார். கல்யாண வீட்டு வாசலில் மொய் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்காருகிற நமக்கு இது புதிய செய்தியன்று. மொய்யையும் நான் குறைகூற மாட்டேன். புதுக்கோட்டைப் பக்கத்திலும் பேராவூரணிப் பக்கத்திலும் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளில், எழுதுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அது கடன் என்பது வெளிப்படையாகத் தெரியும். மொத்தமாகக் கிடைக்கிற அந்தப் பணத்தைக் கொண்டு ஒருவர் கிணறு வெட்டுகிறார், ஒருவர் கடை வைக்கிறார், ஒருவர் பிள்ளையைப் படிக்க வைக்கிறார். நம்முடைய தீபாவளிப் பரிமாற்றத்திலோ கடனுக்குள்ள பாரம் முழுவதும் இருக்கிறது; கடனால் விளையக்கூடிய அனுகூலம் எதுவும் இல்லை.

கணக்கே இல்லாமல் கொடுக்கவும் எங்கள் ஊராகிய சங்கரன்கோவில் அறியும். ஹரியும் ஹரனும் ஒன்றென்று காண வேண்டித் தவமிருந்த கோமதியம்மைக்கு ஈசன் சங்கரநாராயணராகக் காட்சி தந்ததைக் கொண்டாடும் ஆடித் தபசன்று, சுற்று வட்டாரத்துச் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் தானியத்தையும் அம்பாளுக்குச் சூறை விடுகிறார்கள். எவர் எவ்வளவு எறிந்தார் என்று எழுதி வைப்பாரில்லை.

ஆனால் தீபாவளித் துணியைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தையைப் பொங்கல்படிக்கும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் தம்பிமாரிடையே துணி போவதும் வருவதுமாக இருக்கிறது. பொங்கல்படி பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டை நோக்கி மட்டுமே போகிறது. மோஸின் மாணவராகிய லூயி துமோன் 1949-லும் 1950-லும் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர் கிராமங்களில் தங்கி ஆராய்ந்தபோது, விவாகத்தில் தொடங்கிய சீர் அதோடு நின்றுவிடாமல், பெண்ணின் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் செய்கிற செய்முறையாக அடுத்த தலைமுறையிலும் தொடர்வதைக் கண்டு எழுதினார். காரணம் தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை. நன்செயும் புன்செயும் வீடும் ஆண் மக்களுக்கென்று இருந்த காலத்தில், அந்த நிலத்தின் விளைவில் ஒரு சிறு பாகம், அரிசியாகவும் வெல்லமாகவும் துணியாகவும், ஆண்டுக்கொரு முறை பெண் மக்களைத் தேடிச் சென்றது.

சட்டம் பின்னர் மாறிற்று. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பாத்தியதை உண்டென்று தமிழ்நாட்டில் 1989-ல் திருத்தம் வந்தது. அதற்கு முன்பே விவாகமாகிவிட்ட பெண்களுக்கு அது எட்டவில்லை. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேற்றுமையையும் நீக்கிற்று. ஆயினும் நம் பக்கத்தில் நடப்பது என்ன? தகப்பனார் காலமான பிறகு, அக்காள் தங்கைமார் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து, அண்ணன் தம்பிமாருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பெருந்தன்மையால் எழுதுகிறவர்களும் உண்டு. பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தால் எழுதுகிறவர்களும் உண்டு. அப்படி எழுதி வாங்கிக்கொண்ட சகோதரன், காலம் மாறிவிட்டது, ஆடம்பரம் கூடாது, இனிமேல் படியெல்லாம் எதற்கு என்று சிக்கனம் பேசுவானானால், அதைச் சீர்திருத்தம் என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் பங்கைக் கொடுக்கட்டும். பிறகு படியை நிறுத்துவதைப் பற்றிப் பேசட்டும்.

எங்கள் குடும்பத்தில் இந்த யோசனையை எல்லாரும் கூடியிருந்த ஒரு சமயத்தில் எடுத்தோம். பெரியவர்களுக்குள் தீபாவளித் துணி வேண்டாம் என்பதற்கு நொடிப்பொழுதில் சம்மதம் கிடைத்தது. யாராவது முதலில் சொல்ல மாட்டார்களா என்று ஒவ்வொருவரும் காத்திருந்ததாகவே தோன்றியது. இளையவன் உற்சாகத்தில் பொங்கல்படியையும் அதிலே சேர்த்துப் பேசியபோது அக்காள் வெகு நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். பிறகு, “சேலை எத்தனையோ கிடக்கு தம்பி, அதுக்காகச் சொல்லல. பொங்கலுக்கு உங்க வீட்ல இருந்து யாரும் வரலையான்னு எங்க அத்தை கேட்டா நான் என்ன சொல்லட்டும்?” என்றாள். தொண்ணூறை நெருங்குகிற மாமியார் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற வீடு அது. சென்னையில் தனிக்குடித்தனம் இருக்கிற தங்கைக்கு அந்தக் கவலை இல்லை; படி வேண்டாம், நீங்கள் வந்து இரண்டு நாள் தங்கினால் போதும் என்று அவள் சொல்லிவிட்டாள். இருவருக்கும் ஒரே விதி செய்ய முடியாது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. யாருக்கு எது கௌரவம், எது சுமை என்பதை அவரவர் வாயால் கேட்டறியாமல், கொடுக்கிறவர்களே கூடித் தீர்மானிப்பது அநியாயம்.

ஆகவே அக்காள் வீட்டுக்குப் படி போகிறது. பாத்திரமும் பட்டும் நீங்கி, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் குலை, ஒரு நூல் சேலை என்ற பழைய அளவில் போகிறது. குழந்தைகளுக்குத் துணி எடுப்பது நிற்கவில்லை. தறியை நம்பிப் பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டு துணியே எடுக்கக் கூடாதென்று சொல்வதும் சரியாகாது. மிச்சமாகிற பணத்தை எல்லாரும் சேர்த்து வைத்து, தறிக் கூலியில் காலம் தள்ளும் உடன்பிறந்தாரின் மகள் படிப்புக்குக் கொடுப்பதென்ற பேச்சும் எழுந்தது. அவர் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. அவருடைய தயக்கத்தையும் மதிக்க வேண்டியதுதான்.

தங்கை மகளின் குழந்தைக்கு வருகிற தையில் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். தாய்மாமன் முறைக்குரியவன் தங்கையின் மகன். பெங்களூரில் வேலையாக இருக்கிறான். எவ்வளவு செய்ய வேண்டும், முன்பு நம் வீட்டில் என்ன செய்தார்கள், செய்முறை நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறான். சம்பந்தி வீட்டாரின் எண்ணம் இன்னதென்று இன்னும் தெரியவில்லை. ஆடித் தபசுக்கு அவன் ஊருக்கு வருகிறான். குழந்தையின் தாயும் அப்போது இங்கே வந்திருப்பாள். அவளையும் உடன் வைத்துக்கொண்டு பேசலாம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.