ஆய்வுக் குறிப்பேடும் ஓர் அமானிதமே



நம் பிள்ளைகள் இளநிலை அறிவியல் படிப்பின் மூன்றாம் ஆண்டுக்கு வந்ததும், 'புராஜெக்ட்' என்ற சொல் வீட்டில் அடிக்கடி காதில் விழும். அச்சிட்டு, பைண்டு செய்து, கையொப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டால் முடிந்துவிடும் ஒரு சடங்கு என்றே பலரும் அதை எண்ணுகிறார்கள். பழைய ஆய்வேடு ஒன்றைப் பெயர் மாற்றிக் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் மகள் நுண்ணுயிரியல் படிப்பில் ஐந்து மாதம் செய்த ஆய்வை அருகிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். அந்தச் சடங்குக்குள் ஒளிந்திருக்கும் பொறுப்பைப் பற்றி மற்றப் பெற்றோருடன் பேச விரும்புகிறோம்.

அவள் தேர்ந்தெடுத்த பொருள் கருஞ்சீரகம். நபி (ஸல்) அவர்கள் அதன் நிவாரணத்தைப் பற்றிச் சொன்ன ஹதீஸ் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அது கிருமிகளைக் கொல்லும் என்று நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்துடன்தான் தன் வழிகாட்டிப் பேராசிரியையிடம் சென்றாள். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "நிரூபிக்கணும்னு வராதே, கேள்வியோட வா" என்று திருப்பி அனுப்பினார். ஒரு வாரம் படித்து, எழுதி, அடித்துத் திருத்திய பிறகு கேள்வி இப்படிச் சுருங்கியது: கருஞ்சீரகத்தைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த சாறு, ஈ-கோலி, ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆகிய இரண்டு பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறதா?

சோதனை முறை எளிது. ஆனால் பொறுமையைக் கேட்பது. அகார் ஊற்றிய தட்டில் பாக்டீரியாவைச் சீராகப் பரப்ப வேண்டும். சாற்றில் தோய்த்த 6 மில்லிமீட்டர் காகித வில்லையை அதன்மேல் வைத்து, 37 டிகிரி வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும். சுமார் 18 முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்துப் பார்க்கும்போது, மருந்து வேலை செய்திருந்தால் வில்லையைச் சுற்றித் தெளிவான வளையம் தெரியும். அதன் விட்டத்தை அளந்து எழுத வேண்டும். அதே தட்டில் ஆன்டிபயாடிக் வில்லை ஒன்றும், வெறும் தண்ணீரில் நனைத்த வில்லை ஒன்றும் ஒப்பீட்டுக்காக வைக்கப்படும். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்தாக வேண்டும். பாக்டீரியா நம் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. உறவினர் வீட்டு நிக்காஹ் நாளில்கூட அவள் காலையில் கல்லூரிக்குப் போய்த் தட்டுகளை அளந்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தாள்.

ஆன்டிபயாடிக்கைச் சுற்றி வளையம் பளிச்சென்று விழுந்தது. கருஞ்சீரகச் சாற்றைச் சுற்றி ஒன்றும் விழவில்லை. மூன்று தட்டுகளிலும் அப்படியே. புதிதாகச் சாறு தயாரித்து மீண்டும் செய்தபோதும் அதே முடிவு.

அன்றிரவு வீட்டில் ஒரு சங்கடமான அமைதி நிலவியது. "ரசூலுல்லாஹ் சொன்ன மருந்தாச்சே, நீதான் எங்கேயோ பிழை விட்டிருப்பே" என்றார் உம்மம்மா. "ஒன்பது, பத்து, பதினொன்னுன்னு எழுதிடு, யாரு வந்து அளக்கப் போறாங்க?" என்று தோழி ஒருத்தி யோசனை சொல்லியிருந்தாள். மகள் எங்களிடம் கேட்ட கேள்விதான் இன்றும் நெஞ்சில் நிற்கிறது: "வாப்பா, இல்லைன்னு எழுதினா ஹதீஸுக்கு எதிரா எழுதினதா ஆயிடுமா?"

நாங்கள் அவளுக்கு ஹதீஸ் கலையையே நினைவூட்டினோம். இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்தவர்கள் நம் இமாம்கள். மக்களை நன்மையின் பக்கம் தூண்டுவதற்காகவே என்று சொல்லி இட்டுக்கட்டப்பட்ட செய்திகளையும் அவர்கள் தள்ளினார்கள். நல்ல நோக்கம் பொய்யை மெய்யாக்கிவிடாது என்பதில் அவர்களுக்கு ஐயமே இருந்ததில்லை. குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் மோசம் செய்வோரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தராசில் குறைப்பதும், விழாத வளையத்தைப் பதினொரு மில்லிமீட்டர் என்று எழுதுவதும் வேறு வேறு அல்ல. மார்க்கத்தைக் காப்பாற்ற நம்முடைய பொய் தேவையில்லை.

மறுநாள் பேராசிரியை அவளுடைய கலக்கத்தைக் கேட்டுவிட்டு, "நீ சோதிச்சது உங்க ஹதீஸை இல்லைம்மா, தண்ணீர்ச் சாற்றைத்தான்" என்றாராம். கருஞ்சீரகத்தில் அதிகம் ஆராயப்பட்ட தைமோகுயினோன் என்ற பொருள் அதன் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. ஆகவே தண்ணீர்ச் சாற்றில் அது போதிய அளவு இறங்காமல் போயிருக்கலாம். ஒரு தட்டில் கிடைத்த 'இல்லை'யிலிருந்து மருந்தே இல்லை என்று முடிவுகட்டுவதும் பிழை. ஒரு தட்டில் கிடைக்கும் 'ஆம்' என்பதை வைத்து மார்க்கத்தை நிரூபித்துவிட்டதாகக் கூறுவதும் பிழை. மார்க்கத்தில் நம்மைப் போன்றவராக இல்லாத அந்த ஆசிரியை, நம் நம்பிக்கையையும் அறிவியலையும் ஒருசேரக் கண்ணியப்படுத்தினார். அவருக்காக நாங்கள் துஆச் செய்கிறோம்.

ஒரு நல்ல வழிகாட்டியின் வேலை இதுதான் என்று அப்போது விளங்கியது. குறிப்பேட்டைப் பேனாவால் மட்டுமே எழுதச் சொன்னார். தாளைக் கிழிக்கக் கூடாது. பிழையை ஒரே கோட்டால் அடித்து, அடியிலுள்ளது தெரியும்படி விட வேண்டும். தேதி இட வேண்டும். வாரந்தோறும் படித்துக் கையொப்பமிட்டார். பின்னால் வருபவர் நம்பிப் பின்தொடர வேண்டிய தொடரின் முதல் கண்ணி அந்தக் குறிப்பேடு.

இளநிலை மாணவர்களால் உண்மையான ஆய்வு ஆகுமா என்று ஐயப்பட வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியில் இளநிலை மாணவராக இருந்தபோதே எஸ். சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது. அதைப் பெற்று அச்சுக்கு அனுப்பிவைத்தவர் கேம்பிரிட்ஜின் ஆர். எச். ஃபவுலர். எல்லோரும் சந்திரசேகர் ஆகப் போவதில்லை. ஆனால் இளைஞரின் உழைப்பை மதித்துப் படிக்கும் ஒரு மூத்தவர் எல்லோருக்கும் தேவை.

வாய்ப்புகளும் உள்ளன. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதமி, வேறு இரண்டு தேசிய அகாதமிகளுடன் சேர்ந்து, கோடையில் இரண்டு மாதம் ஆய்வாளர் ஒருவரிடம் பணிபுரிய மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றமும் மாணவர் ஆய்வுகளுக்குச் சிறு நிதி அளிக்கிறது. இவற்றைப் பற்றிக் கல்லூரியில் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயக்கம் வருவது இயல்பு. தங்குமிடம், பாதுகாப்பு, உடன் செல்வோர் ஆகியவற்றை விசாரித்து முடிவெடுப்போம். விசாரிக்காமலேயே மறுக்க வேண்டாம்.

மகள் 'தடுப்பு காணப்படவில்லை' என்றே எழுதினாள். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள், பதில் சொன்னாள். மதிப்பெண் வகுப்பில் முதலாவது அல்ல. இவ்வாண்டு ஒரு ஜூனியர் மாணவி, அதே குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, தண்ணீருக்குப் பதில் எண்ணெயைச் சோதிக்கிறாள். என்ன முடிவு வரும் என்று உம்மம்மா வாரந்தோறும் விசாரிக்கிறார். எது வந்தாலும் அதையே எழுதும் கையை அப்பிள்ளைக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் வல்ல இறைவன் தந்தருள்வானாக. ஆமீன்.