21 மதிப்பெண்ணும் ஆறு பள்ளிகளும்

2023 நவம்பர் மாதம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. சாப்பாட்டு மேஜையின் நடுவே ஒரு தாள். அதைச் சுற்றி அப்பா, அம்மா, பன்னிரண்டு வயது மகன். மூவரும் பேசவில்லை.

ஆறாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வின் முடிவு அது. ஆங்கிலம் 6, தமிழ் 4, கணக்கு 5, அறிவியல் 6. மொத்தம் 21.

இந்த எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இந்தத் தேர்வில் எண் குறையக் குறையத்தான் நல்லது. 90 அல்லது அதற்கு மேல் வாங்கினால் 1, 20-க்கும் கீழே போனால் 8. நான்கு பாடங்களையும் கூட்டினால் மிகச் சிறந்த மதிப்பெண் 4, மிக மோசமானது 32. இந்தக் கூட்டுத்தொகையை வைத்துத்தான் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்கும். 20 வரை வாங்கியவர்கள் மூன்றாம் குழு. 23, 24 என்றால் இரண்டாம் குழு. 26-லிருந்து 30 வரை முதல் குழு. 21, 22 வாங்கியவர்களுக்கு ஒரு சங்கடமான சலுகை உண்டு. இரண்டாம் குழுவா, மூன்றாம் குழுவா என்று அவர்களே தேர்ந்தெடுக்கலாம்.

பையனுக்குக் கிடைத்தது அந்தச் சலுகைதான்.

"மூணாம் குழுதான். இதுல பேச்சே இல்ல" என்றாள் அம்மா.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. 1995-ல் அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது பிள்ளைகளைப் பிரிவுகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். விரைவுநிலை, வழக்கநிலை ஏட்டுக்கல்வி, வழக்கநிலை தொழில்நுட்பம். அவளுக்குக் கிடைத்தது கடைசிப் பிரிவு. அது தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒரே பள்ளி, ஒரே சீருடை. ஆனால் வகுப்பின் பெயரைச் சொன்னதுமே எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் "எந்தப் பிரிவும்மா?" என்று கேட்பார்கள் என்பதற்காகவே அவள் முறுக்குத் தட்டோடு சமையலறையில் நின்றுகொள்வாள். பிறகு ஐடிஇ-யில் அலுவலகப் பயிற்சி முடித்து, இன்று ஒரு மருந்தகத்தின் முன்மேஜையைத் தனியாளாக நடத்துகிறாள். டாக்டரே அவளைக் கேட்டுத்தான் விடுப்பு எடுப்பார். இருந்தாலும் அந்தப் பழைய பெயர் அவளை விட்டுப் போகவில்லை.

"அதையெல்லாம் எடுத்துட்டாங்களே. 2019-லயே பார்லிமெண்ட்ல மந்திரி சொன்னாரு. அடுத்த வருஷம் சேர்ற பிள்ளைங்களுக்கு அந்தப் பேரே கிடையாது" என்றார் அப்பா.

"பேரை எடுத்தா போதுமா? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டிருக்காங்களே!"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் மாறியது பெயர் மட்டுமல்ல. 2024-லிருந்து மூன்று குழுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். ஓவியம், இசை, உடற்பயிற்சி, நற்பண்புக் கல்வி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும், சமையலும் சத்துணவும் என ஆறு பாடங்களை எல்லாரும் சேர்ந்து படிப்பார்கள். பள்ளி நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதற்குப் போகும். ஆங்கிலம், கணக்கு, அறிவியல், தாய்மொழி போன்ற பாடங்களுக்கு மட்டும் ஜி1, ஜி2, ஜி3 என்று மூன்று நிலைகள். இரண்டாம் குழுவில் சேர்ந்தாலும், ஒரு பாடத்தில் 5 அல்லது அதைவிட நல்ல நிலை வாங்கியிருந்தால் அந்தப் பாடத்தை ஜி3-ல் படிக்கலாம். பையனுக்குத் தமிழும் கணக்கும் அப்படிப் படிக்கத் தகுதி இருந்தது. ஆங்கிலத்துக்கும் அறிவியலுக்கும் இல்லை.

மூன்றாம் குழுவில் போட்டால் பெரும்பாலும் எல்லாமே ஜி3. தட்டுத்தடுமாறி 6 வாங்கிய அறிவியலும் சேர்த்துத்தான்.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் படித்தவர். அங்கே பிரிவு என்று ஒன்று கிடையாது. முதல் ரேங்க் வாங்குகிறவனும் இரண்டு முறை ஃபெயிலானவனும் ஒரே பெஞ்சு. "எனக்குக் கணக்கு வந்ததே, பக்கத்துல இருந்தவனுக்குச் சொல்லிக் கொடுத்துத்தான்" என்று அவர் அடிக்கடி சொல்வார். அன்றும் ஆரம்பித்தார். அம்மா மடக்கினாள்.

"உங்களுக்குக் கணக்கு வந்துச்சு. பக்கத்துல இருந்தவனுக்கு வந்துச்சா?"

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். வாத்தியார் முன் பெஞ்சுக்குத்தான் பாடம் நடத்தினார். பின் பெஞ்சில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஒரே அறையில் உட்கார வைத்தால் மட்டும் எல்லாரும் படித்துவிட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதை அவர் வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

"சரி, அதையே போய்க் கேப்போம்" என்றார்.

ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க ஒரு வாரம்கூட இல்லை. அந்த நாள்களில் பள்ளிகள் பெற்றோருக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தன. இவர்கள் இரண்டு பள்ளிகளுக்குப் போனார்கள்.

முதல் பள்ளியில் குளிர்சாதன மண்டபம், பெரிய திரை, கோப்பைகளின் படம். அப்பா கேட்டதற்கு "எல்லாம் அமைச்சின் வழிகாட்டுதல்படி நடக்கும்" என்று பதில் வந்தது. தப்பான பதில் இல்லை. ஆனால் அதில் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

இரண்டாவது பள்ளி கொஞ்சம் பழைய கட்டடம். 2020-லிருந்தே இந்த முறையைச் சோதித்துப் பார்த்த 28 பள்ளிகளில் அதுவும் ஒன்று. சுற்றிக் காட்ட உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு பெண் வந்தாள். அம்மாவால் அடக்க முடியவில்லை.

"நீ எந்தப் பிரிவும்மா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எந்தக் கேள்விக்காகச் சமையலறையில் ஒளிந்தாளோ, அதே கேள்வி, அதே வார்த்தை.

அந்தப் பெண் முகம் மாறவில்லை. வகுப்பின் பெயரைச் சொன்னாள். அம்மா இன்னும் எதிர்பார்ப்பதைப் பார்த்து, "ஆங்கிலமும் தமிழும் ஜி3 ஆன்ட்டி, கணக்கு ஜி2. கணக்குதான் எனக்கு வரவே வராது" என்று சிரித்துக்கொண்டே படியேறிப் போனாள்.

பட்டறையில் இருந்த ஆசிரியரிடம் அப்பா தன் கேள்வியைக் கேட்டார். "எல்லாரையும் ஒண்ணா உட்கார வெச்சா, பின்னால இருக்கிறவனை யாரு சார் பார்ப்பா?"

ஆசிரியர் நழுவவில்லை. சுலபமில்லை என்றுதான் தொடங்கினார். எல்லாருக்கும் ஒரே வேலைதான், ஆனால் சிலருக்குப் படம் போட்ட குறிப்பு கொடுப்பாராம். சீக்கிரம் முடிப்பவருக்கு அதிலேயே இன்னும் கடினமான ஒரு படி இருக்குமாம். குழுத் தலைவரை மாற்றிக்கொண்டே இருப்பாராம், இல்லாவிட்டால் எப்போதும் அதே பிள்ளைதான் பேசும். முதல் சில வாரங்கள் பிள்ளைகள் "உனக்கு எத்தனை?" என்று ஒருவரை ஒருவர் கேட்கத்தான் செய்வார்கள் என்றும் ஒப்புக்கொண்டார். பாடத்துக்குப் பாடம் அறை மாறுவதால் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

குறைகளையும் சேர்த்துச் சொன்னதால்தான் அப்பாவுக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

தமிழைப் பற்றியும் கேட்டார்கள். எல்லாப் பள்ளியிலும் தமிழ் வகுப்பு இருக்காது. இல்லாத பள்ளிப் பிள்ளைகள் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற இடங்களுக்குப் பள்ளி முடிந்த பிறகு போய்ப் படிக்க வேண்டும். இந்தப் பள்ளியில் தமிழாசிரியரே இருந்தார்.

திரும்பி வரும்போது பேருந்தில் பையன் முதல் முறையாக வாயைத் திறந்தான். எதிர் வீட்டு மலாய்ப் பையனும் இந்தப் பள்ளியைத்தான் முதலில் போடப்போகிறான் என்றான். மழலையர் பள்ளியிலிருந்து இருவரும் ஒன்றாகப் போய் வந்தவர்கள். அவன் மதிப்பெண் 27.

"அவன் என்கிட்ட கேட்டான், இனிமே நான் அவன்கூட வருவேனான்னு."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன்னோடு ஆறு வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட தோழி ஒருத்தி, விரைவுநிலைக்குப் போன பிறகு உணவுக்கூடத்தில் வேறு மேஜைக்கு மாறியது அவளுக்கு நினைவு வந்தது. அவள் கெட்டவள் இல்லை. வகுப்பு வேறு, நேர அட்டவணை வேறு, பேச்சு வேறு. அப்படியே விட்டுப்போயிற்று.

அன்று இரவு படிவத்தை நிரப்பும்போது அப்பாவுக்குத்தான் தயக்கம். ஜூனியர் கல்லூரிக்குப் போக ஜி3 பாடங்கள் வேண்டுமே, வழி அடைபட்டுவிடுமோ என்றார். அம்மா கணக்குப் போட்டுச் சொன்னாள். இப்போதே இரண்டு பாடம் ஜி3. மற்றவற்றை நன்றாகப் படித்தால் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். மூன்றாம் குழுவில் போட்டு, அறிவியலில் முதல் வருடமே தலை தொங்கிப்போனால் நான்கு வருடமும் தொங்கிக்கொண்டே இருக்கும்.

"என் பயத்துக்காக அவனை அங்க போடக் கூடாதுங்க. நான் மூணாம் குழு கேட்டது அவனுக்காக இல்ல. எனக்காக" என்றாள்.

இரண்டாம் குழு. முதல் விருப்பம், அந்தப் பழைய கட்டடப் பள்ளி.

டிசம்பரில் முடிவு வந்தது. கேட்ட பள்ளியே கிடைத்தது. எதிர் வீட்டுப் பையனுக்கும் அதே பள்ளிதான், ஆனால் வேறு வகுப்பு. காலையில் இருவரும் ஒரே பேருந்து. அதுவே போதும் என்று இருவருமே இருந்துவிட்டார்கள்.

முதல் வருடம் சிரமமில்லாமல் போகவில்லை. தொடக்கத்தில் ஒருவன் "உனக்கு எத்தனை?" என்று கேட்டான். பையன் 21 என்றான். கேட்டவன் தன் மதிப்பெண்ணைச் சொல்லாமலே போய்விட்டான். அன்று இரவு சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஜி3 கணக்கில் முதல் தேர்வில் பாதிகூட வரவில்லை. ஆனால் சமையல் வகுப்பில் பொரித்த சாதம் செய்த கதையை ஒரு வாரம் சொன்னான். குழுவில் ஒருவனுக்கு ஆங்கிலக் குறிப்பைப் படிப்பதே கஷ்டம். அவன் வீட்டில் உணவுக்கடை வைத்திருக்கிறார்கள். கத்தி பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. இவன் படித்துச் சொல்ல, அவன் வெட்டித் தள்ள, அந்தக் குழுதான் முதலில் முடித்ததாம். இரண்டு வாரம் கழித்து அறிவியல் புத்தகத்தையும் அவனுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தான். வாசித்துக் காட்டப் போய், இவனுக்கும் கொஞ்சம் புரிய ஆரம்பித்தது.

அப்பாவுக்கு அதைக் கேட்கக் கேட்கச் சந்தோஷம். "நான் சொல்லல?" என்றார். "அந்தப் பையனுக்கும் புரியுதான்னு கேளுங்க" என்றாள் அம்மா. கேட்டார்கள். புரிகிறதாம். அவனுக்குத் தனியாகப் படம் போட்ட தாள் கொடுக்கிறார்களாம்.

வருடக் கடைசியில் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. உயர்நிலை இரண்டில் அறிவியலை ஜி3-ல் படிக்க மகனுக்குத் தகுதி இருக்கிறது, விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். ஆங்கிலத்துக்கு அப்படி எதுவும் வரவில்லை.

அதே சாப்பாட்டு மேஜை. அப்பா பேனாவை அம்மா பக்கம் நகர்த்தினார். "இப்ப என்ன சொல்ற?"

அம்மா பேனாவைத் தொடவில்லை. "படிக்கப்போறது அவன். அவனைக் கேளுங்க."

பையன் படிவத்தை இரண்டு முறை படித்தான். "பாடம் கஷ்டமா இருந்தா திரும்ப ஜி2-க்கு மாறலாமான்னு டீச்சர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்மா. அப்புறம் கையெழுத்துப் போடுங்க" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.