தேறிய உடலும் இளைத்த உடலும்

நோயினின்று மீண்டவனைக் கண்டு ‘உடம்பு தேறிவிட்டது’ என்கிறோம். சதைப் பற்றுக் கண்டவனையும் அவ்வாறே சொல்லி மகிழ்கிறோம். மெலிந்தவனை இளைத்தவன் என்கிறோம். பிறர்க்குத் தாழ்ந்தவனுக்கும் அதுவே பெயர். இச்சொற்களுக்கு இப்பொருளைக் கற்பித்தது பசியே. விடியுமுன் எழுந்து பால்மரக் காட்டில் உழைத்தவர்களுக்கும், ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் பிழைத்தவர்களுக்கும் பருத்த தேகம் பெரும்பேறாகத் தோன்றியதில் வியப்பென்ன?

அக்காலத்தில் தோட்டத்துச் சிறுமியாயிருந்த என் தாயார், பிற்காலத்தில் பட்டணத்திற் குடியேறிப் பருத்தார். ‘மகராசி’ என்று ஊரார் வாழ்த்தினர். நீரிழிவு கண்டு அவர் மெலிந்தபோதுதான் உறவினர் கவலையுற்றனர். அக்கவலை தீர நெய்யும் இனிப்பும் சுமந்து வந்தனர். அன்பே நஞ்சாயிற்று! ஒரு காலை இழந்த பின்னரே அந்நோயின் கொடுமையை எங்கள் வீடு உணர்ந்தது.

கண்ணளவு ஏமாற்றும், ஆதலின் கணக்களவு வேண்டும். கிலோக் கணக்கிலுள்ள எடையை, மீட்டர்க் கணக்கிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பதே உடல் நிறைக் குறியீட்டெண். பெல்ஜிய அறிஞர் கெத்தலே 1832-ஆம் ஆண்டில் மக்களின் சராசரியை ஆராய்ந்தபோது கண்ட விகிதம் அது. தனி மனிதரின் நோயறிய வகுத்ததன்று. நெடுங்காலம் 25 என்பதே எச்சரிக்கை எல்லையாயிருந்தது. ஆசியர் பலர்க்கு அதனினும் குறைந்த எடையிலேயே நீரிழிவு தோன்றுவதால், 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 23-ஐயும் கருத்திற் கொள்ளுமாறு கூறிற்று. 2005-இல் சிங்கப்பூர் அதனை ஏற்றது. ஐந்தடி மூன்றங்குல உயரமுள்ளவர்க்கு முன்னைய எல்லை 64 கிலோ; பின்னையது ஏறக்குறைய 59 கிலோ. எல்லை மாறியதேயன்றி உடல் மாறவில்லை!

ஆயினும் அளவுகோல் பிரம்பாகிவிடலாகாது. என் பேத்தி இன்று, ‘குண்டு’ என்னும் ஏளனத்திற்கு அஞ்சி இராச்சோற்றை ஒதுக்குகிறாள். பெண் பார்க்க வருவோரோ தங்கள் கண்களையே தராசாக்குகின்றனர். பாட்டியின் பருமனைப் புகழ்ந்த நாவும் பேத்தியின் பருமனை இகழும் நாவும் அவர்களுடைய நலத்தை விசாரித்தனவா?

அன்பர்களே! இடுப்பை நாடாவால் அளந்து பாருங்கள். ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரை எட்டினால் மருத்துவரை நாடுங்கள். இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துக் கொள்ளுங்கள். வீடு தேடி வருவோரை ‘இளைத்தாய்’, ‘பெருத்தாய்’ என்று வரவேற்பதை விடுத்து, ‘நலமா?’ என்று கேட்கப் பழகுவோம்.